மெதுவா இழுங்க

பழம் எடுக்கிற பெண்கள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றால்தான் வாய்க்கும் வேலை கிடைக்கும். மாமியார் கதை, சீரியல் கதை, அடுத்த ஊட்டுக் கதை எல்லாம் காப்பிச் செடிக்கு மேலேயே தாண்டித் தாண்டிப் போகும். அன்றைக்கு வனிதாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சில வரிசைகள் காலியாகக் கிடந்தன. அதில் பழம் இல்லாமல் இல்லை. செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஆனாலும் ஒருத்தியும் அதற்குள் இறங்கவில்லை.

வனிதா அதைக் கவனிக்காத மாதிரி கொம்பை வளைத்தாள். இது இரண்டு கையும் சேர்ந்து பார்க்கிற வேலை. இடது கை கொம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும், வலது கை பழத்தைப் பறித்து இடுப்பில் கட்டிய பைக்குள் போட வேண்டும். அவளுடைய வலது கைக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்து ஒரு வருசமாகப் போகிறது. நாலு பழம் பறிப்பதற்குள் அது இடது முழங்கைக்கு ஓடிவிடும். பரட் பரட்டென்று சொறிந்துவிட்டுத் திரும்பும். மறுபடி நாலு பழம். மற்றவர்கள் பை நிரம்பி மூட்டைக்குப் போகிறபோது அவளுடைய பை பாதிதான் இருக்கும்.

காப்பிச் செடியில் சிவப்பெறும்பு மொய்க்கும். அதற்காக எல்லோரையும் போல அவளும் புருசனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். அந்தச் சட்டையின் இடது கை மட்டும் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. உள்ளே முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் புண்ணும் பொருக்கும்தான். பார்க்கிறவர்கள் பயப்படுவதற்கு வேறு என்ன வேண்டும்?

"வனிதா, அந்தக் குடத்தத் தொடாத கண்ணு. ஒனக்குத் தனியா பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கறேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து காளியாயி கத்தினாள். எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கிற லைனில் அடுத்த ஊட்டுக்காரி. வனிதாவின் மகள் இளவரசி பிறந்தபோது முதல் தண்ணி ஊற்றியவளே அவள்தான். "தப்பா நெனச்சுக்காத. நம்மூட்டுலயும் சின்னஞ்சிறுசுக இருக்குது பாரு."

"நான் என்ன நெனைக்கப் போறனுங்கக்கா" என்றாள் வனிதா. கொம்பை விட்டுவிட்டுச் சொறிந்தாள்.

வைத்தியம் பார்க்காமலா இருந்தாள்? குப்பைமேனியை அரைத்துப் பூசினாள், வேப்பிலையை வேகவைத்து ஊற்றினாள், புகையிலைத் தண்ணி தேய்த்துக் கை எரிந்து ஒரு நாள் முழுக்கத் துடித்தாள். சேர்வராயன் கோயிலுக்குப் போய் மண்ணெடுத்து வந்து தடவினாள். மருந்துக் கடையில் கேட்ட களிம்பெல்லாம் தீர்ந்ததுதான் மிச்சம். போர்வையை வெயிலில் போட்டாள், பாயை எரித்தாள். அரிப்பு ஒரு இம்மியும் நகரவில்லை. அதே கை, அதே இடம்.

சாயங்காலம் எடை போடுகிற களத்தில், எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் சந்திரசேகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத பாரு வனிதா, எனக்கு ஒண்ணுமில்ல. சனந்தான் பயப்படுது. ஒன்னோட வேலைக்கு நிக்க மாட்டோம்னு அத்தன பொம்பளைகளும் ஒரே புடியா நிக்கறாங்க. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி, இது ஒட்டற சொறி இல்லன்னு எழுதி வாங்கிட்டு வந்துரு. அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்."

"வேலைக்கு வராட்டி ஊடுங்க?"

"அத நான் சொல்லித்தான் ஒனக்குத் தெரியணுமா? வேலைக்கு வராத ஆளுக்கு லைன்ல ஊடு எதுக்குன்னு மேனேஜர் கேப்பாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. சந்திரசேகர் யாரிடமும் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

வனிதாவின் புருசன் அன்பழகன், மகள் செத்துப்போன பிறகு குடகுக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே கூலி அதிகம் என்று சொல்லிக்கொண்டு போனான். அந்த ஊட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை என்பதுதான் நிஜம். அவனும் இல்லாத பிறகு லைன் ஊடு அவள் ஒருத்தியின் வேலையில் நிற்கிறது. வேலை போனால் ஊடு போகும். ஊடு போனால் போகட்டும், குப்பனூரில் அண்ணன் இருக்கிறான், ஒரு மூலை கொடுப்பான். ஆனால் சின்னப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை என்று இளவரசியை எஸ்டேட்டுக்குள்தான், லைனுக்குப் பின்னால் பலாமரச் சரிவில் புதைத்திருக்கிறார்கள். வேலைக்காரி என்றால் கேட்டைத் தாண்டி உள்ளே வரலாம். வெளியாள் என்றால் வாட்ச்மேன் விட மாட்டான். பிள்ளையை இங்கே படுக்க வைத்துவிட்டு அவள் எங்கே போவாள்?

மறுநாள் காலையில் கீழே போகிற பஸ்ஸுக்காக மேட்டில் நின்றபோது எஸ்டேட் பிக்கப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஜீவானந்தம் தலையை வெளியே நீட்டினார்.

"ஏறிக்க கண்ணு. வண்டி சும்மாத்தான் கீழ போவுது. முன்னாலயே ஒக்காரு."

"வேண்டாங்கண்ணா. பஸ் வந்துரும்."

அவர் வற்புறுத்தவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஒரு வருசத்தில் அந்த வண்டியில் அவள் ஒரு தடவை கூடக் கால் வைத்ததில்லை. ஏனென்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பித் திரும்பி இறங்கியது. இறங்க இறங்க அரிப்பு ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அந்தக் கையைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடிவாரம் வருவதற்குள் வனிதாவின் புடவைத் தலைப்பில் ரத்தம் திட்டுத் திட்டாக ஊறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ரத்தம் எடுத்தார்கள், தோலைச் சுரண்டி எடுத்தார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதே பஸ், அதே வளைவு, அதே ரத்தம். தோல் டாக்டர் மேகலாவுக்கு வனிதாவின் வயதுதான் இருக்கும். வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அப்படியும் அந்தம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அவளுடைய கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கையுறை போடவில்லை. இவ்வளவு நாளில் தன்னை ஒருவர் வெறும் கையால் தொடுவது இதுதான் முதல் தடவை என்று வனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சும்மா. சொறி இல்ல, படை இல்ல, சர்க்கரை இல்ல, ஈரல் நல்லாருக்கு. இந்தப் புண்ணெல்லாம் நீங்க சொறிஞ்சதால வந்தது. இது யாருக்கும் ஒட்டாது, எழுதித் தாரேன்."

"அப்பறம் ஏனுங்க அரிக்குது? நான் வேணும்னே சொறியறேன்னு பேசறாங்க. எனக்குப் பைத்தியம் கியித்தியம் ஏதாச்சும்…"

"அரிப்பு நெசம். நீங்க நடிக்கல, பைத்தியமும் இல்ல." டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கைய நல்லா நீட்டுங்க பாக்கலாம்."

வனிதா நீட்டினாள். டாக்டர் பிடியை விட்டதும் கை மறுபடி மடிந்து மார்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எப்பவும் இப்படி மடிச்சேதான் வெச்சிருப்பீங்களா?"

வனிதா தன் கையைப் பார்த்தாள். அப்படி வைத்திருப்பது அவளுக்கே தெரியாது.

"இது ஆரம்பிச்சப்ப ஊட்டுல என்னம்மா நடந்துச்சு?"

ஒரு வருசமாக எத்தனை பேர் என்ன பூசினாய், என்ன தின்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை. வனிதா வாசலில் நிற்கிற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பரவாயில்லை, சொல்லுங்க என்றாள் டாக்டர்.

"எம்புள்ளைக்குக் காய்ச்சலுங்க. ஊசி போட்டும் எறங்கல. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு சொல்லிட்டாங்க. பஸ் அப்பத்தான் போயிருந்துச்சு. எங்கூட்டுக்காரரு அன்னைக்கு நல்லமொளகு பறிக்கக் காட்டுக்குள்ள போயிட்டாருங்க. எஸ்டேட் பிக்கப்பு பழமூட்டையோட நின்னுட்டிருந்துச்சு. ரைட்டருகிட்டக் கேட்டனுங்க. ஏறிக்கன்னு சொன்னாரு. போற வழியில பல்பர்ல பழத்த எறக்கிட்டு அப்புடியே கீழ போயிரலாம்னாரு."

பறித்த பழத்தை அன்றைக்கே பல்பர் மிஷினில் கொட்டித் தோலெடுக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும், அத்தனை பேர் உழைப்பும் வீண். மலையில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். வனிதாவுக்குத் தெரியாதா?

"பழம் புளிச்சுப் போயிருமேன்னு எனக்கும் தோணுச்சுங்க" என்றாள். "வேண்டாம், நேரா போங்கன்னு ஒரு வார்த்த நான் சொல்லலீங்க. முன் சீட்டுல ரைட்டரு ஒக்காந்துக்கிட்டாரு. நான் பின்னால மூட்ட மேல ஏறிக்கிட்டேன். புள்ளைய மடியில கெடத்தி, தலைய இந்தக் கையில வெச்சுக்கிட்டனுங்க. ஒடம்பு கொதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. பல்பர்கிட்டப் போனா முன்னால நாலஞ்சு வண்டி நிக்குது. அங்க நிக்கறப்ப தொட்டுப் பாக்கறேன், வேர்த்து ஊத்தி ஜில்லுன்னு ஆயிருச்சு. காய்ச்சல் உட்டுருச்சுன்னு எனக்கு நொம்ப சந்தோசமுங்க. டிரைவரண்ணங்கிட்டக் கூடச் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. தூக்கமே இல்லாம கெடந்த புள்ள, அப்புடியே தூங்கிட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பழத்தோட செவப்பெறும்பு வருமுங்க. சட்டைக்குள்ள பூந்து இந்தக் கை பூராக் கடிச்சுது. சொறிஞ்சா கை ஆடும், பாப்பா முழிச்சுக்குவான்னு சொறியலீங்க. மூட்ட எறக்கற ஆளுங்க வந்து வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தாங்க. பாப்பா தூங்குது, மெதுவா இழுங்கன்னு சொன்னேன். அவங்களும் மெதுவாத்தான் இழுத்தாங்க. அப்பறம் வளைவெல்லாம் எறங்கி இங்க வாரவரைக்கும் கைய அசைக்கல. ஒருக்காக் கூடச் சொறியலீங்க. இங்க வந்து எறக்கறப்பத்தான்…"

அவளுடைய வலது கை எழுந்து இடது முழங்கையைப் பிறாண்டத் தொடங்கியது. டாக்டர் அந்தக் கையைத் தடுக்காமல் அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் அழுதீங்களா?"

"பால் தெளிச்ச மறுநாளே பழம் எடுக்கக் கூப்பிட்டுட்டாங்க. சீசனுங்க அது."

"மனசுல கெடக்கற துக்கத்துக்கு வழி கெடைக்காட்டி, சில பேருக்கு அது இப்படித் தோல்ல வந்து நிக்கும்மா. கவலை ஏறினா அரிப்பு ஏறும். சொறிஞ்சா புண்ணாகும், புண்ணு இன்னும் அரிக்கும். வெறும் களிம்புல இது போகாது. மாத்திரை தாரேன். வாராவாரம் வாங்க, இங்க மாடியில இருக்கற மனநல டாக்டர்கிட்ட உக்காந்து பேசணும், இப்ப எங்கிட்டப் பேசினீங்களே, அந்த மாதிரி. எறும்பு கடிக்கற எடத்துல கொஞ்ச நாளைக்கு வேலை வேண்டாம். வேற வேலை கேட்டுப் பாருங்க."

வனிதா தலையாட்டினாள். வாராவாரம் யார் லீவு கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ஏனுங்கம்மா, நான் கையக் கொஞ்சம் ஆட்டியிருந்தா எந்திரிச்சிருப்பாளுங்களா?"

"இல்லம்மா. அது தூக்கம் இல்ல. சில காய்ச்சல்ல சூடு எறங்கறப்பதான் ஆபத்தே வரும். அது உங்களுக்குத் தெரிய ஞாயமில்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப, பல்பர்ல நிக்காம நேரா வந்திருந்தா?"

அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். டாக்டர் அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மருந்துச் சீட்டை எழுதினாள். எழுதி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் களத்தில் பழம் அளந்து கட்டி மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்திரசேகர் சீட்டைப் படித்துவிட்டுப் பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது ஒட்டாது. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க."

காளியாயி மட்டும் ஓரடி முன்னால் வந்தாள். வனிதாவின் கை ரத்தத்தைப் பார்த்தாள். திரும்பப் போய் நின்றுகொண்டாள்.

"பாத்தியா?" என்றார் சந்திரசேகர். "காகிதத்துல எழுதிட்டா சனத்துக்குப் பயம் போயிருமா? நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

"எறும்பு இல்லாத எடத்துல ஏதாச்சும் வேல குடுங்க சார். செடிப்பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. கூட்டறது, பெருக்கறது, எதுன்னாலும் செய்யறேன். ஊட்ட மட்டும் எடுத்துக்காதீங்க."

சந்திரசேகர் நெற்றியைத் தடவி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"ஏம்மா, நம்ம பிக்கப்புல ஏறிக்க. வழியில மூட்ட சரியாம புடிச்சுக்கணும். பல்பர்ல எறக்கறப்ப கீழ சிந்தற பழத்தப் பொறுக்கிப் போடணும், அவ்வளவுதான். செடிப்பக்கமே போக வேண்டியதில்ல. பின்னால ஒத்தையில ஒக்காந்துட்டுப் போறவ யாரோடயும் ஒட்டவும் வேண்டியதில்ல. ஒனக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது. என்ன சொல்ற?"

களத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவானந்தம் வண்டிக் கதவைத் திறந்தபடியே நின்றார்.

"சார், அந்த வண்டி வேண்டாம் சார். அது வந்து…"

"ஏன், வண்டிக்கு என்னய்யா? நல்லாத்தான ஓடுது?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பொய்யாகவும் கேட்கவில்லை. அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு சீசனில் அந்த வண்டியில் எத்தனையோ நடை போகிறது, எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். அதில் ஒரு நடை அது. பாவி மனுசன், மறந்தே போய்விட்டார்.

வனிதா லைனுக்குப் பின்னால் தெரிந்த பலாமரத்தைப் பார்த்தாள். அடியில் புல் முளைத்திருந்தது. போன மழையில் சரிந்த மண்ணை அவள்தான் கையால் அள்ளி அணைத்து வைத்திருந்தாள். அடுத்த மழைக்கு யார் அணைப்பார்கள்?

"ஏறிக்கறனுங்க" என்றாள்.

"முன்னால வந்து ஒக்காரு கண்ணு" என்று ஜீவானந்தம் அவசரமாகச் சொன்னார். அதற்குள் சந்திரசேகர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியிருந்தார். பல்பரில் எடையைச் சரிபார்க்க வேண்டுமாம். ஜீவானந்தம் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போனார்.

வனிதா டயரில் கால் வைத்து ஏறினாள். மூட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. நடுவில் ஒரு பள்ளம், ஆள் உட்கார்கிற அளவுக்கு. அதில் உட்கார்ந்து ஒரு மூட்டையில் சாய்ந்தாள். வண்டி கிளம்பிக் குலுங்கியதும் அவளுடைய இடது கை மடிந்தது.

பல்பரில் முன்னால் வண்டிகள் நின்றன. மூட்டை வாயிலிருந்து சிவப்பெறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. கிழிந்த சட்டைக்குள் புகுந்து, காயாத புண்ணின் மேலேயே ஊர்ந்து கடித்தன. சுரீரென்றது. வலது கை எழுந்தது, பாதியில் நின்றது, மெல்ல இறங்கி மடியில் படுத்தது. ஒரு வருசமாக ஓயாத கை.

"சீக்கிரம் எறக்குங்கப்பா, பழம் புளிச்சுப் போயிரும்" என்று முன்னாலிருந்து சந்திரசேகர் குரல் கொடுத்தார்.

மூட்டை இறக்குகிற ஆட்கள் இரண்டு பேர் பின்பலகையைத் தட்டித் திறந்தார்கள். ஒருவன் அவள் சாய்ந்திருந்த மூட்டையின் காதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

"மெதுவா இழுங்க" என்றாள் வனிதா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக இழுத்தார்கள்.